வன்தட்டின் வேகம்: முதலில் அளவீடு, பிறகு செலவு

அரசு அலுவலகங்கள், கல்வி நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் அன்றாடப் பணிகளில் பெரும்பகுதி இன்று கணினியைச் சார்ந்தே நடைபெறுகிறது. சான்றிதழ் கேட்டு வரும் மாணவரும், ஓய்வூதியக் கணக்கை அறிய வரும் முதியவரும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை, அவ்வலுவலகத்தின் கணினி தகவலை எடுத்துத் தரும் வேகமே பல சமயங்களில் நிர்ணயிக்கிறது. கணினி தாமதிக்கத் தொடங்கியதும், இயந்திரம் பழையதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும் என்ற குறிப்பு கோப்பில் ஏறிவிடுகிறது. அந்தக் குறிப்புடன் ஓர் அளவீட்டு அறிக்கை இணைக்கப்பட்டிருப்பதோ மிக அரிது.

பொருளாதாரத் திட்டமிடலில் நாம் நன்கறிந்த பாடம் ஒன்று உண்டு. ஒரு தொழிற்சாலையின் நிறுவப்பட்ட திறன் வேறு. பயன்படுத்தப்படும் திறன் வேறு. உற்பத்தி குறைவாக இருப்பதைக் கண்டவுடன் புதிய ஆலை அமைக்க முற்படும் நிர்வாகி, இருக்கும் ஆலை ஏன் முழு அளவில் இயங்கவில்லை என்பதை முதலில் ஆராயவேண்டும். கணினியின் தகவல் கிடங்காகிய வன்தட்டுக்கும் இது முற்றிலும் பொருந்தும். தன் சொந்தப் பணத்தைச் செலவிடும்போது ஒருவர் காட்டும் விழிப்பை அரசுப் பணத்தைச் செலவிடும் அலுவலரும் காட்ட வேண்டும் என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள் எதிர்பார்க்கின்றன. அளக்காமல் வாங்குவது அந்த எதிர்பார்ப்பை நிறைவு செய்வதாகாது.

லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. வன்தட்டை அளக்கவும் சீரமைக்கவும் தேவையான கருவிகள் யாவும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஸ் இயங்குதளம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. கட்டற்ற மென்பொருளை அரசுத்துறைகள் ஏற்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் அறிவித்தது. மென்பொருளை ஏற்றுக்கொண்ட அலுவலகங்கள், அதனுடன் வரும் இந்த அளவுகோல்களையும் கையாளக் கற்றுக்கொள்வது முறையாகும்.

ஒரே தட்டு, இரு வேகங்கள்

வன்தட்டு என்பது சுழலும் வட்டத் தகடுகளும், அவற்றின் மேல் நகரும் முனைகளும் கொண்ட ஓர் இயந்திரம். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. அதில் 50 இலட்சம் எழுத்துகளைச் சேமிக்க முடிந்தது. ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சராசரியாக அரை விநாடிக்கும் மேலாயிற்று. அன்று தொட்டு இன்று வரை கொள்ளளவு பல இலட்சம் மடங்கு பெருகியுள்ளது. ஆனால் தகடு சுழல வேண்டும், முனை நகர வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. தேடும் நேரம் கொள்ளளவுக்கு ஈடாகக் குறையாமற் போனதற்குக் காரணம் இதுவே.

மேசைக் கணினிகளில் காணப்படும் பொதுவான வன்தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கிறது. எனவே ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 8.33 மில்லி விநாடி. வேண்டிய தகவல் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4.2 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். முனை உரிய தடத்திற்கு நகர்வதற்கு மேலும் 8 அல்லது 9 மில்லி விநாடி ஆகிறது. இரண்டையும் கூட்டினால் ஒரு தேடலுக்கு 12 முதல் 13 மில்லி விநாடி. ஆகவே, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக்கிடக்கும் தகவல்களை எடுப்பதாயின், விநாடிக்குச் சுமார் 80 தேடல்களே இயலும்.

இதே தட்டு, ஒரு பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது விநாடிக்கு 150 மெகாபைட் அளவுக்குத் தருகிறது. சிதறிய நிலையில் ஒவ்வொரு தேடலிலும் 4 கிலோபைட் வீதம் எடுத்தால், 80 தேடல்களில் கிடைப்பது 320 கிலோபைட் மட்டுமே. ஆக, இரு வேகங்களுக்கும் இடையே 450 மடங்குக்கு மேல் வேறுபாடு உள்ளது. தட்டின் விளம்பரத்தில் அச்சிடப்படுவது முதல் எண். அலுவலக ஊழியர் அன்றாடம் அனுபவிப்பது பெரும்பாலும் இரண்டாவது எண்.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஒரு தரவுத்தளக் கோப்பின் அளவு 2 கிகாபைட் என்றும், அதில் பல இடங்களில் சிதறிக்கிடக்கும் 50,000 பதிவுகள் ஓர் அறிக்கைக்குத் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே தேடி எடுத்தால் 625 விநாடி, அதாவது பத்து நிமிடத்திற்கு மேல் ஆகும். கோப்பு முழுவதையும் தொடக்கம் முதல் இறுதி வரை வரிசையாகப் படித்து வேண்டியவற்றைப் பொறுக்கிக்கொண்டால் 14 விநாடி போதும். தட்டும் மாறவில்லை, கணினியும் மாறவில்லை. வேலையைச் செய்யும் முறை மட்டுமே மாறியது. வேகத்தைப் பற்றிய ஆய்வு எதுவும் இந்த உண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

தாமதத்திற்குக் காரணம் தட்டுதானா?

கணினி தாமதிக்கிறது என்பதாலேயே வன்தட்டு தாமதிக்கிறது என்று முடிவு செய்துவிட இயலாது. செயலி, நினைவகம், வலைப்பின்னல் இணைப்பு, மென்பொருளின் அமைப்பு ஆகிய எதுவும் காரணமாக இருக்கக்கூடும். ஆகவே முதற் பணி, நெருக்கடி எங்கே உள்ளது என்று காண்பது.

லினக்ஸில் வி.எம்.ஸ்டாட் என்ற கட்டளை இதற்கு ஏற்றது. ஐந்து விநாடிக்கு ஒரு முறை நிலவரத்தைக் காட்டுமாறு அதை இயக்கலாம். முதல் வரியில் வருவது கணினி தொடங்கியது முதலான சராசரி. ஆகவே இரண்டாவது வரியிலிருந்தே கவனிக்க வேண்டும். அதில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒன்று, செயலி தன் நேரத்தில் எத்தனை சதவிகிதத்தைத் தட்டின் பதிலுக்காகக் காத்திருப்பதில் கழித்தது என்பது. மற்றொன்று, நினைவகத்திலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து நினைவகத்துக்கும் பக்கங்கள் இடமாற்றம் செய்யப்படுகின்றனவா என்பது. ஸ்வாப் எனப்படும் இந்த இடமாற்றம் வேலை நேரத்தில் ஓயாது நிகழுமானால், பற்றாக்குறை நினைவகத்தில்தான் உள்ளது. இடமின்மையால் அரிசி மூட்டைகளை மணிக்கொரு முறை கடையிலிருந்து கிடங்குக்கும் கிடங்கிலிருந்து கடைக்கும் சுமக்கும் நிலைக்கு இது ஒப்பாகும். இந்நிலையில் புதிய வன்தட்டு வாங்குவது, கடை இடத்தைப் பெருக்காமல் சுமைக்கூலி கொடுப்பதைப் போன்றதே.

தட்டுதான் நெருக்கடியில் இருக்கிறது என்று தோன்றினால், ஐ.ஓ.ஸ்டாட் என்ற கட்டளையின் விரிவான அறிக்கையைப் பார்க்க வேண்டும். தட்டு எத்தனை சதவிகித நேரம் வேலையில் இருந்தது, ஒவ்வொரு கோரிக்கையும் சராசரியாக எத்தனை மில்லி விநாடி காத்திருந்தது, வரிசையில் எத்தனை கோரிக்கைகள் நின்றன, விநாடிக்கு எவ்வளவு தகவல் நகர்ந்தது ஆகிய நான்கும் அதில் கிடைக்கும். தட்டு 100 சதவிகித நேரமும் வேலையில் இருந்து, நகர்ந்த தகவலோ விநாடிக்கு ஓரிரு மெகாபைட் மட்டுமே என்றால், அது சிதறிய தேடல்களின் சுமை. 100 சதவிகிதமும் வேலை, நூற்றுக்கணக்கான மெகாபைட் நகர்வு என்றால், யாரோ ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கிறார்கள் என்று பொருள். காத்திருப்பு 10 முதல் 20 மில்லி விநாடிக்குள் இருப்பது வன்தட்டுக்கு இயல்பானது. அது நூற்றுக்கணக்கில் ஏறுமாயின் கோரிக்கைகள் வரிசையில் தேங்குகின்றன. எந்த நிரல் இச்சுமையைத் தருகிறது என்பதை ஐ.ஓ.டாப் என்ற கருவி பெயருடன் காட்டிவிடும். வேலை நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் காப்புப்பிரதிப் பணியே குற்றவாளி என்று தெரியவருவது அரிதன்று. அதனை இரவு நேரத்திற்கு மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

இங்கு 1967-ஆம் ஆண்டில் ஜீன் ஆம்டால் எடுத்துரைத்த விதி ஒன்றை நினைவிற்கொள்வது பயன் தரும். ஒரு பகுதியை எவ்வளவு விரைவுபடுத்தினாலும், மொத்தப் பயன் அப்பகுதி எடுத்துக்கொள்ளும் நேரத்திற்குள்ளேயே அடங்கும். ஓர் அறிக்கை தயாராக 10 நிமிடம் ஆகிறது, அதில் தட்டுக்காகக் காத்திருப்பது 2 நிமிடம் என்றால், தட்டின் வேகத்தை இரு மடங்காக்கினாலும் மிச்சமாவது ஒரு நிமிடமே. காத்திருப்பு 8 நிமிடமாக இருந்தால் அதே முதலீடு 4 நிமிடத்தை மிச்சப்படுத்தும். இந்தப் பங்கைத் தெரிந்துகொள்ளாமல் முதலீட்டின் பயனை மதிப்பிட வழியில்லை.

முதலில் உடல்நலப் பரிசோதனை

நன்றாக ஓடிக்கொண்டிருந்த தட்டு திடீரென மெதுவானால், அது பழுதின் முன்னறிவிப்பாக இருக்கலாம். பழுதுற்ற இடத்தைப் படிக்கத் தட்டு மீண்டும் மீண்டும் முயல்வதால் தாமதம் ஏற்படுகிறது. இத்தகைய தட்டைச் சீரமைக்க முயல்வது காலத்தை வீணாக்குவதுடன் தகவலை இழக்கவும் வழிவகுக்கும்.

தட்டுகள் தம் நிலையைத் தாமே பதிவு செய்யும் ஸ்மார்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுள்ளன. ஸ்மார்ட்-சி.டி.எல். என்ற கட்டளையால் இப்பதிவைப் படிக்கலாம். மூன்று வரிகளை முதலில் நோக்க வேண்டும். 5-ஆம் எண்ணுள்ள வரி, பழுதுற்று மாற்றிடம் வழங்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையைக் காட்டும். 197-ஆம் வரி, படிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களைக் காட்டும். இவை இரண்டும் உயர்ந்துகொண்டே போனால், அன்றே காப்புப்பிரதி எடுத்துத் தட்டை மாற்றிவிட வேண்டும். 199-ஆம் வரி, தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த பிழைகளைக் குறிப்பது. இது உயர்ந்து வந்தால் பெரும்பாலும் கேபிளே காரணம். சிறு தொகையில் கேபிளை மாற்றித் தீர்க்கக்கூடிய குறைக்காக முழுத் தட்டையும் கழித்துவிடும் தவறு இவ்வரியைப் பார்த்தால் நேராது.

அளக்கும் முறை

நலமாக உள்ள தட்டின் வேகத்தை அறிய எச்.டி.பார்ம் என்ற கட்டளை எளியது. இது இரண்டு சோதனைகளைச் செய்யும். பெரிய டி எழுத்தால் குறிக்கப்படும் சோதனை நினைவகத்திலிருந்து படிக்கும் வேகத்தை அளப்பது. அதற்கும் தட்டுக்கும் தொடர்பில்லை. சிறிய டி எழுத்தால் குறிக்கப்படும் சோதனையே தட்டிலிருந்து வரிசையாகப் படிக்கும் வேகத்தைத் தரும். முதல் எண்ணைக் கண்டு தட்டு மிக விரைவானது என்று மகிழ்வது புதியவர்கள் பலருக்கு நேரும் மயக்கம்.

இரண்டாவது எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. அச்சோதனை தட்டின் தொடக்கப் பகுதியைப் படிக்கிறது. தொடக்கப் பகுதி தகட்டின் வெளிவிளிம்பில் அமைந்திருக்கும். வெளித்தடம் நீளமானது, ஆகவே ஒரே சுற்றில் அதிகத் தகவல் முனைக்குக் கீழே செல்கிறது. உட்தடங்களில் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். நிரம்பிய தட்டு மெதுவாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அடிக்கடி தேவைப்படும் கோப்புகளைத் தட்டின் முற்பகுதியிலும், ஆவணக் காப்புக்கான கோப்புகளைப் பிற்பகுதியிலும் வைப்பது இதனால் பயன் தரும்.

எழுதும் வேகத்தை அளக்கப் பலர் டி.டி. என்ற பழைய கட்டளையைக் கையாள்கின்றனர். லினக்ஸ், எழுத வேண்டிய தகவலை முதலில் நினைவகத்தில் ஏற்றுக்கொண்டு, பின்னரே தட்டுக்கு அனுப்பும். தட்டில் எழுதி முடிந்த பிறகே கணக்கிடுமாறு கட்டளையில் குறிப்பிடாவிட்டால், கிடைக்கும் எண் நினைவகத்தின் வேகமாகவே இருக்கும். படிக்கும் சோதனையிலும் இதே சிக்கல் எழும். ஒரு கோப்பை இரண்டாம் முறை படிக்கும்போது அது தட்டிலிருந்து வராமல், நினைவகத்தில் தங்கியுள்ள பிரதியிலிருந்து வந்துவிடும். இதனைத் தவிர்க்க, சோதனைக் கோப்பின் அளவு நினைவகத்தைப் போல் இரு மடங்காக இருக்க வேண்டும். அல்லது ஒவ்வொரு சோதனைக்கும் முன் அப்பிரதிகளை நீக்க வேண்டும்.

சிதறிய தேடலின் வேகத்தை அறிய ஃபியோ என்ற கருவி சிறந்தது. லினக்ஸ் கெர்னலில் தட்டுகளைக் கையாளும் பகுதியை நெடுங்காலம் பராமரித்து வரும் யென்ஸ் ஆக்ஸ்போ இதனை உருவாக்கினார். படிப்பதா எழுதுவதா, வரிசையாகவா சிதறலாகவா, ஒரு முறைக்கு எத்தனை கிலோபைட், ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்றெல்லாம் குறிப்பிட்டு, நம் அலுவலகத்தின் உண்மையான வேலையை ஒத்த சோதனையை இதில் அமைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கை ஒன்று: எழுதும் சோதனையை எப்போதும் ஒரு தனிக் கோப்பின் மீதே நடத்த வேண்டும். தட்டின் பெயரையே கொடுத்துவிட்டால் அதிலுள்ள தகவல் அனைத்தும் அழிந்துவிடும்.

எந்தக் கருவியைக் கையாண்டாலும் நான்கு ஒழுங்குகளைக் கடைப்பிடிப்பது நல்லது.

1. கணினியில் வேறு வேலை நடைபெறாத நேரத்தில் அளக்க வேண்டும்.

2. ஒவ்வொரு சோதனையையும் குறைந்தது மூன்று முறை செய்து, எண்கள் ஒன்றையொன்று ஒத்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

3. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, மீண்டும் அளக்க வேண்டும்.

4. தேதி, மாற்றம், முன் அளவு, பின் அளவு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும்.

மூன்றாவது ஒழுங்கு மீறப்பட்டால், வேகம் கூடினாலும் எதனால் கூடியது என்பது தெரியாது. உரமும் நீரும் விதையும் ஒரே பருவத்தில் மாற்றப்பட்ட வயலில் விளைச்சலுக்குக் காரணம் எது என்று சொல்ல முடியாததைப் போன்றதே இதுவும்.

பயன் தரும் சீரமைப்புகள்

இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளில், எச்.டி.பார்ம் கட்டளையால் டி.எம்.ஏ. என்ற நேரடி நினைவகப் பரிமாற்றத்தை இயக்கினால் தட்டின் வேகம் பல மடங்காகும் என்று காணலாம். அக்காலத்து ஐ.டி.இ. தட்டுகளில் அது உண்மையே. பழுதுள்ள சில்லுகளைக் கருதிப் பாதுகாப்பின் பொருட்டு அவ்வசதி பல கணினிகளில் முடக்கி வைக்கப்பட்டிருந்தது. இன்றைய சாட்டா தட்டுகளில் கெர்னல் தானாகவே தக்க முறையைத் தேர்ந்துகொள்கிறது. ஆகவே அந்தப் பழைய மருந்துச் சீட்டை இன்றைய நோயாளிக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்று கருதத்தக்க முதல் மாற்றம், கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் முறை. தபால்காரர் கடிதங்களை வந்த வரிசையில் கொண்டு செல்வதில்லை. தெருவாரியாக அடுக்கிக்கொண்டே புறப்படுகிறார். கெர்னலும் இவ்வாறே கோரிக்கைகளை அடுக்கித் தட்டுக்கு அனுப்பி முனையின் அலைச்சலைக் குறைக்கிறது. 2019-ஆம் ஆண்டில் வெளியான கெர்னலின் 5.0 பதிப்பு முதல் பழைய வரிசை முறைகள் நீக்கப்பட்டுவிட்டன. இப்போது வன்தட்டுக்குப் பொருத்தமானவை இரண்டு. ஒருவர் அமர்ந்து பணியாற்றும் மேசைக் கணினியில், பெரிய நகலெடுப்பு நடக்கும்போதும் மற்ற வேலை தடைப்படாமல் இருக்க பி.எஃப்.கியூ. முறை உதவும். பலர் பயன்படுத்தும் சேவைக் கணினியில், எந்தக் கோரிக்கையும் நெடுநேரம் காத்திராதபடி பார்த்துக்கொள்ளும் எம்.கியூ.-டெட்லைன் முறையைச் சோதித்துப் பார்க்கலாம். கணினியை நிறுத்தாமலேயே இவற்றை மாற்றி அளந்து பார்க்க முடியும் என்பது கூடுதல் வசதி.

இரண்டாவது, முன்கூட்டிப் படிக்கும் அளவு. வரிசையாகப் படிக்கப்படும் கோப்பின் அடுத்த பகுதியைக் கேட்குமுன்னரே லினக்ஸ் எடுத்துவைக்கிறது. இதன் வழக்கமான அளவு 128 கிலோபைட். ஒளிப்படங்கள், ஒலிப்பதிவுகள், பெரிய ஆவணக் கோப்புகள் உள்ள தட்டில் இதனை உயர்த்தினால் பயன் கிட்டக்கூடும். சிதறிய தேடல்கள் மிகுந்த தரவுத்தளத்தில் இதே மாற்றம் வேண்டாத தகவலை நினைவகத்தில் நிரப்பிக் கேடு விளைவிக்கும்.

மூன்றாவது, கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்கும் வழக்கம். முற்காலத்தில் ஒரு கோப்பைப் படித்தாலே அந்நேரத்தைத் தட்டில் எழுதவேண்டியிருந்தது. 2009 முதல் இவ்வெழுத்துவேலையைப் பெருமளவு குறைக்கும் முறை இயல்பாகவே அமைந்துள்ளது. இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள இடத்தில் அதனை முற்றிலும் நிறுத்தி, மாற்றம் தெரிகிறதா என்று அளக்கலாம்.

நான்காவது, பகிர்வுகளின் தொடக்க இடம். 2010-ஆம் ஆண்டை ஒட்டி வெளிவரத் தொடங்கிய தட்டுகள் உள்ளுக்குள் 4 கிலோபைட் அளவுள்ள செக்டர்களைக் கையாள்கின்றன. பழைய முறையில் 63-ஆம் செக்டரில் தொடங்கிய பகிர்வு, இந்த எல்லையோடு பொருந்தாது. அதனால் சிறு எழுத்துவேலைக்கும் தட்டு முதலில் படித்து, திருத்தி, ஒரு சுற்றுக் காத்திருந்து மீண்டும் எழுத வேண்டியதாகிறது. 2,048-ஆம் செக்டரில் தொடங்கும் பகிர்வில் இக்குறை இல்லை. பழைய தட்டின் அமைப்பை அப்படியே புதிய தட்டுக்கு நகலெடுத்த அலுவலகங்கள் இதனைச் சரிபார்க்க வேண்டும்.

ஐந்தாவது, காலியிடம். தட்டு முற்றிலும் நிரம்பும் தறுவாயில், புதிய கோப்புகள் சிறு துண்டுகளாகச் சிதறி எழுதப்படுகின்றன. பத்தில் ஒரு பங்கேனும் காலியாக வைத்திருப்பது நல்லது. மறுபுறம், எக்ஸ்ட்-4 கோப்புமுறை 5 சதவிகித இடத்தை நிர்வாகிக்கென ஒதுக்கிவைக்கிறது. ஒரு டெராபைட் தட்டில் இது 50 கிகாபைட். தகவல்களை மட்டுமே வைக்கும் பகிர்வில் இந்த ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொள்ளலாம். புதிய தட்டு வாங்காமலே கிடைக்கும் இடம் இது.

விலை கொடுத்துப் பெறும் வேகம்

சில மாற்றங்கள் சோதனையில் பெரும் வேகத்தைக் காட்டும். ஆனால் அதற்கான விலையைச் சோதனை காட்டாது. எழுதப்பட்ட தகவல் தட்டில் உரிய வரிசையில் பதிவதை உறுதி செய்யும் தடுப்பு ஏற்பாட்டை எக்ஸ்ட்-4 முறையில் நீக்கிவிடுவது அவற்றில் ஒன்று. ஐந்து விநாடிக்கு ஒரு முறை தட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை ஒரு நிமிடமாக நீட்டுவது மற்றொன்று. மின்தடை நேராத வரை இவற்றால் தீங்கு இல்லை. நேர்ந்துவிட்டால், கடைசி ஒரு நிமிடத்தில் பதிவான ரசீதுகள் மறைந்துபோகலாம். கோப்புமுறையே சிதைவுறவும் கூடும்.

மின்சாரம் தடைப்படுவதும் மின்னழுத்தம் ஏறியிறங்குவதும் அறியாதவை அல்ல என்ற நிலையிலுள்ள நம் சிற்றூர் அலுவலகங்களுக்கு இது வெறும் கற்பனை அபாயமன்று. ஒரு பயனாளியின் பதிவு அழிந்தால் இழப்பு அவருடையது, பிழை நம்முடையது. தடையில்லா மின்வழங்கிக் கருவி இருந்தாலும், அதன் மின்கலம் எத்தனை நிமிடம் தாங்கும் என்று சோதித்தறியாத நிலையில் இத்தகைய மாற்றங்களைச் செய்யலாகாது. பாதுகாப்பை விற்று வேகத்தை வாங்குவது பொது நிர்வாகத்திற்கு ஏற்ற வாணிபம் அன்று.

எப்போது வாங்குவது?

அளவீடு என்பது செலவைத் தடுக்கும் தந்திரம் என்று கொள்ளலாகாது. சரியான செலவை நியாயப்படுத்தவும் அதுவே சான்றாகும். ஸ்வாப் ஓயாது நிகழ்கிறது என்று பதிவேடு காட்டினால், நினைவகம் கூட்டுவதே முதல் முதலீடு. மீதமுள்ள நினைவகத்தை லினக்ஸ் தட்டின் பிரதியாகப் பயன்படுத்திக்கொள்வதால், நினைவகத்தைக் கூட்டுவது தட்டின் சுமையையும் குறைக்கும். இதன் பொருளாதாரத்தை 1987-ஆம் ஆண்டிலேயே ஜிம் கிரே, பிராங்கோ புட்ஸோலு ஆகிய இருவரும் ஆராய்ந்தனர். ஐந்து நிமிடத்திற்குள் மீண்டும் தேவைப்படும் தகவலை நினைவகத்தில் வைத்திருப்பதே சிக்கனம் என்பது அன்றைய விலைகளின்படி அவர்கள் கண்ட முடிவு. விலைகள் மாறிவிட்டன, ஆனால் ஒரு தகவலை வைத்திருக்கும் செலவையும், அதை மீண்டும் மீண்டும் எடுத்துவரும் செலவையும் ஒப்பிட்டு முடிவு செய்யும் நெறி மாறவில்லை.

நினைவகம் போதுமானதாக இருந்தும், சிதறிய தேடல்களால் தட்டு நாள்தோறும் 100 சதவிகிதம் வேலையில் இருக்கிறது, காத்திருப்பு நூற்றுக்கணக்கான மில்லி விநாடிகளில் உள்ளது என்று அளவீடு காட்டினால், சீரமைப்பின் எல்லை வந்துவிட்டது என்று பொருள். சுழலும் தகட்டை எந்தக் கட்டளையாலும் விநாடிக்கு ஆயிரம் முறை தேட வைக்க முடியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. தட்டு அங்கே தேவை. விநாடிக்கு 80 தேடல்கள் என்பது அதில் பல்லாயிரமாக உயரும். ஆயினும் எல்லாத் தகவலையும் அதில் வைக்க வேண்டியதில்லை. இயங்குதளத்தையும் தரவுத்தளத்தையும் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. தட்டில் அமைத்து, ஆவணங்களையும் காப்புப்பிரதிகளையும் இருக்கும் வன்தட்டிலேயே வைத்துக்கொண்டால், குறைந்த முதலீட்டில் நிறைந்த பயன் கிட்டும். வரிசைப் படிப்பில் வன்தட்டு இன்றும் மலிவான, திறமையான உழைப்பாளியே.

பதிவேடு ஒன்று போதும்

இவற்றையெல்லாம் செய்யப் பெரிய தொழில்நுட்பக் குழு தேவையில்லை. கணினியை அன்றாடம் கையாளும் ஊழியர் ஒருவருக்குச் சில நாள் பயிற்சியும், ஒரு பதிவேடும் போதும். கணினி புதிதாக வந்து சேர்ந்த நாளிலேயே அதன் வரிசைப் படிப்பு வேகம், சிதறல் தேடல் எண்ணிக்கை, ஸ்மார்ட் பதிவு ஆகிய மூன்றையும் குறித்துவைக்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு இருமுறை மீண்டும் அளக்க வேண்டும். முதல் நாளின் எண் இல்லாவிட்டால், இன்றைய எண் குறைவா நிறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

மாற்று இயந்திரம் கோரும் ஒவ்வொரு குறிப்பிலும், தாமதம் எந்தப் பகுதியில் ஏற்படுகிறது, செலவில்லாத சீரமைப்புகளில் எவை செய்து பார்க்கப்பட்டன, முன்னும் பின்னும் அளவுகள் என்ன என்ற மூன்று வினாக்களுக்கு விடை இடம்பெற வேண்டும் என்று துறைத்தலைவர்கள் வலியுறுத்தலாம். அவ்வாறு செய்தால் தேவையற்ற கொள்முதல் தானே குறையும். உண்மையில் தேவைப்படும் அலுவலகத்திற்கு அந்தத் தொகை போய்ச் சேரும். காத்திருப்போரின் வரிசையும் குறையும்.